இவர் நடித்த படம் வருகிறது

எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் இனிமேல் வரப்போகிற படங்கள்தான். வந்து ஓடி முடிந்த படங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வரப்போகிற படத்தில் பாட்டு அலுப்படிப்பதில்லை. இடைவேளைக்குப் பிறகு கதை எங்கேயாவது போய்த் தொலைவதும் இல்லை. ஒரு நிமிட முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு மிச்ச இரண்டரை மணித்தியாலத்தை நானே எடுத்து முடித்துவிடுவேன். நான் எடுத்த படங்கள் ஒன்றும் தோற்றதில்லை.

பேர்லினில் நொய்கெல்ன் பக்கம் இருக்கிறோம். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். கணவர் நகர பஸ் ஓட்டுகிறார். எங்கள் ஊர் வழக்கத்தில் கணவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ஆகவே இனி ‘இவர்’ என்று எழுதினால் அது இவர்தான்.

அந்த வருடம் நான் முக்கியமாக மூன்று படங்களுக்காகக் காத்திருந்தேன். ஒன்று, ஒரு பெரிய படத்தின் இரண்டாம் பாகம். முதலாம் பாகம் முடியும்போது கதாநாயகன் ஹெலிகொப்டரில் இருந்து ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு என் மகள் பள்ளிக்கூடம் முடித்து, பல் வைத்தியரிடம் உதவியாளராகத் தொழிற்பயிற்சியும் முடித்து, வேலைக்கும் போய்விட்டாள். அவன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது, வாழ்க்கை முழுக்க அடிவாங்கிச் சிரிக்க வைத்த ஒரு நடிகர் முதல்முறையாக அழப்போகும் படம். மூன்றாவது, கதாநாயகனே இல்லாத படம். ஒரு பெண்கள் விடுதியும் அதன் சமையல்காரியும்தான் கதை. சமையல்காரி என்பதால் அதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அக்கறை இருந்தது.

இவருக்குச் சினிமா கண்ணில் காட்டக்கூடாது. கோவில் நிர்வாக சபையில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் நவராத்திரிக்கு நடக்கும் வாணிவிழாவில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்துவிட்டு, சினிமாவால் எங்கள் சமுதாயம் சீரழிந்த கதையை மைக்கைப் பிடித்து விபரமாகச் சொல்லுவார். பேச்சில் இவர் சொல்லும் உதாரணம் நான்தான். பெயர் சொல்லமாட்டார். “எங்கட வீடுகளுக்குள்ளயே இருக்கினம்” என்பார். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும்.

எங்கள் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணைதான் தமிழ்ப்படங்களைக் கொண்டுவந்து காட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெர்மன்காரர் சேர்ச்சுக்கோ நித்திரைக்கோ போயிருக்கும் நேரத்தில் ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுப்பார். டிக்கெற் அவருடைய கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் விற்பனையாகும். அந்த வருட மாசி மாதம் நான் மரக்கறி எடுக்கப் போனபோது அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அக்கா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. சென்னையில இருந்து படம் எடுக்க வந்திருக்கினம். இஞ்ச கால்வாய்க்கரையில பழைய தொழிற்சாலை ஒண்டில சூட்டிங். அகதி முகாம் மாதிரிக் காட்டப் போகினமாம். தமிழ் ஆக்கள் ஒரு அம்பது பேர் வேணுமாம். வாறியளோ?”

ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ என்று அவர் ஏற்கனவே நாற்பது பேருக்குச் சொல்லியிருந்தார். நான் உடனே ஓம் என்றேன். கதாநாயகன் யார் என்று கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். ஆனால் எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த முகம் அதுதான்.

படப்பிடிப்பு நாளன்று ரயில்காரருக்கு வேலைநிறுத்தம். இவருக்கு அன்று ஓய்வு நாள். காரில் கொண்டுபோய் இறக்கிவிடச் சொல்லிக் கேட்டேன்.

“இந்த விசருக்கு நான் காரோடுறதோ?” என்றார்.

“இல்லாட்டி நடந்து போவன். வழியில ஆரும் கேட்டால் ஏன் நடக்கிறன் எண்டு சொல்லுவன்” என்றேன்.

ஆணியில் தொங்கிய காரின் திறப்பை எடுத்தார்.

நான் என் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்குக் கட்டிய கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரத்தைக் கட்டியிருந்தேன். அதற்கு மேல் குளிர் அங்கி. அங்கே ஆட்களை நிரையாக நிறுத்தி, சென்னையிலிருந்து வந்த உதவி இயக்குநர் ஒருவர் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும். இரண்டு தொப்பி போட்டும் நடுங்கிக்கொண்டிருந்தார். என் முன்னால் வந்து நின்றார்.

“அக்கா, இது அகதி முகாம் சீன். நீங்க ரிசப்ஷனுக்கு வந்த மாதிரி இருக்கீங்களே?”

“வேற சீலை காரில இருக்குத் தம்பி. மாத்தவோ?”

“சேலை கூட பரவாயில்ல அக்கா. மூஞ்சி. ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க. கொஞ்சம் கஷ்டப்பட்ட மாதிரி வச்சுக்கோங்களேன்.”

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் உண்மையான முகாமில் பதினான்கு மாதம் இருந்தவள். அங்கே நாங்கள் எப்படி இருந்தோம் என்று இந்தத் தம்பிக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஒரு அறையில் எட்டுப் பெண்கள் இருந்து விழுந்து விழுந்து சிரித்த நாட்களும் உண்டு. ஆனால் சினிமாவோடு வாதாடுவது எனக்குப் பழக்கமில்லை. முகத்தைக் கஷ்டப்பட்ட மாதிரி வைத்துப் பார்த்தேன். ஹெலிகொப்டரில் தொங்குகிறவனை நினைத்தும் பார்த்தேன். சரிவரவில்லை. கூட்டத்தின் பின்பக்கம், ஒரு கூடாரத்துக்கு அந்தப்புறம் என்னை நிறுத்தினார்கள். அங்கேயிருந்து கமெராவும் தெரியவில்லை, கதாநாயகனும் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் இவர் உள்ளே வந்தார். காரை நிறுத்திய இடம் பிழை என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். இன்னும் எவ்வளவு நேரம் செல்லும் என்று என்னைக் கேட்க வந்திருக்கிறார். என்னைக் காணவில்லை. ஐம்பது பேர் நடுவில் நின்று, சுற்றிவர எல்லாரையும் சமுதாயம் சீரழிந்த அதே பார்வையால் பார்த்தார். உதவி இயக்குநர் ஓடிப்போனார்.

“சார்! அப்படியே நில்லுங்க சார். அசையாதீங்க. அந்த லுக்கு… டைரக்டர் சார், ஒரு நிமிஷம் இங்க வாங்களேன்!”

“ஆர் நீர்? எனக்குப் படம் நடிக்க ஏலாது” என்றார் இவர்.

“அதுதான் சார். அந்த வெறுப்பு. அதேதான் வேணும்.”

கதை இதுதான்: காணாமல் போன தம்பியைத் தேடிக் கதாநாயகன் முகாமுக்கு வருகிறான். ஒரு பெரியவரிடம் தம்பியின் படத்தைக் காட்டிக் கேட்கிறான். பெரியவர் இரண்டு வசனம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதற்கென்று அழைத்த ஆள் வேலைநிறுத்தத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்டார். இவர் முடியாது என்றார். இயக்குநர் கும்பிட்டார். இவர் கோவில் நிர்வாக சபையில் இருக்கிறேன் என்றார். அது இன்னும் நல்லது என்றார்கள். கடைசியில் கதாநாயகனே எழும்பி வந்து இவருடைய தோளில் கையை வைத்து, “சாப்பிட்டீங்களா அண்ணா?” என்று கேட்டிருக்கிறார்.

இது எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் கூடாரத்துக்குப் பின்னால் நின்றேன்.

எழுதிக்கொடுத்த வசனத்தில் நாலு சொல்லுக்கு ஒரு ‘பாருங்கோ’ இருந்ததாம். இவர் அதை வாசித்துவிட்டு, “எங்கட ஆக்கள் இப்பிடிக் கதைக்கிறேல்லை” என்றாராம். அப்படியென்றால் உங்கள் பாணியில் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்கள். இவர் சொன்னது: “அவன் இஞ்ச இல்லைத் தம்பி. போட்டான்.”

“போட்டான்னா? எதப் போட்டான் சார்?” என்று உதவி இயக்குநர் கேட்டார். போய்விட்டான் என்று அர்த்தம் என்று இவர் விளக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். ஏழெட்டுத் தரம் எடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் சிவப்பு விளக்கில் கார் நின்றபோது இவர் தன்பாட்டில், “அவன் இஞ்ச இல்லைத் தம்பி” என்றார். பிறகு கொஞ்சம் மெதுவாக இன்னொருமுறை சொல்லிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சினிமா ரசிகர் இவராகிவிட்டார்.

நான் இத்தனை வருடமாகச் சமையலறைக்குள் வைத்துச் செய்ததை இவர் வரவேற்பறையில் பகிரங்கமாகச் செய்தார். படத்தின் முதல் சுவரொட்டி வந்த அன்று அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, பின்னால் மங்கலாகத் தெரிந்த கூடாரத்தைக் காட்டி, “இதுக்கு அங்கால நான் நிக்கிறன்” என்றார். முன்னோட்டம் வந்தபோது அதை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டார். அதில் இவர் இல்லை. “முக்கியமான ஆக்களை முன்னோட்டத்தில காட்டமாட்டினம்” என்று எனக்கு விளங்கப்படுத்தினார். எனக்கு!

நான் காத்திருந்த படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சிரிப்பு நடிகர் அழுத படத்துக்கு இவரும் கூட வந்தார். நடிகர் அழத் தொடங்கியதும் என் காதுக்குள், “இது ஒரே தரத்தில எடுத்திருக்கமாட்டினம். குறைஞ்சது ஆறு தரம்” என்றார். எனக்கு வந்த கண்ணீர் திரும்பிப் போய்விட்டது. விடுதிச் சமையல்காரியின் படத்தில், பின்னால் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களையே படம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். “உவையும் பாவம், எவ்வளவு நேரம் நிண்டிருப்பினம்” என்றார். அந்தப் படத்தின் கதையை இன்றைக்குக் கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது.

இவர் நடித்த படம் மட்டும் வரவில்லை. சித்திரைக்கு என்றார்கள். பிறகு ஆவணிக்கு. பிறகு கிராபிக்ஸ் வேலை முடியவில்லை. பிறகு தீபாவளிக்கு வேறொரு பெரிய படம் வருவதால் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தப் பெரிய படம் வேறு எதுவுமில்லை, ஹெலிகொப்டரில் தொங்கியவனின் இரண்டாம் பாகம்தான். நான் அவ்வளவு காலம் தவமிருந்த படத்தை இவர் தனிப்பட்ட எதிரியாகப் பார்த்தார். அது ஓடக்கூடாது என்று கோவிலில் நேர்த்தி வைத்தாரோ தெரியாது, உண்மையிலேயே ஓடவில்லை. அவன் ஹெலிகொப்டரில் இருந்து எப்படித் தப்பினான் என்பதை, அது ஒரு கனவு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். என் வாழ்நாளில் ஒரு படத்துக்காக வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

இதற்குள் விஷயம் எங்கும் பரவிவிட்டது. கோவிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது ஐயர் குனிந்து, “படம் எப்ப?” என்று கேட்டார். பஸ் டிப்போவில் இவருடைய மேலாளர், ஒரு ஜெர்மன்காரர், ஒவ்வொரு புதுத் திகதிக்கும் இவர் லீவு கேட்டு மாற்றி மாற்றிக் களைத்துப்போய், வருடக்கணக்காகப் பிந்திய பேர்லின் விமானநிலையமே ஒருநாள் திறந்துவிட்டது, உங்கள் படமும் வரும் என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், ஆறுதல் சொன்னாராம். அந்த வருட வாணிவிழாவில் சினிமாவைப் பற்றிய பேச்சு இல்லை. கைத்தொலைபேசி விளையாட்டுகளால் சமுதாயம் சீரழிவதைப் பற்றிப் பேசினார்.

படம் கடைசியில் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைக்கார அண்ணை வழமையிலும் பெரிய மண்டபமாக எடுத்திருந்தார். ஜெர்மன் தியேட்டரில் இடைவேளை கிடையாது. எங்கள் படத்துக்கு மட்டும் கேட்டு வாங்கி, வாசலில் மீன் ரோல்ஸ் விற்பார். அன்று ரோல்ஸ் இரண்டு மடங்கு. நிர்வாக சபை முழுக்க வந்திருந்தது. மகள் வேலையிடத்துத் தோழியைக் கூட்டி வந்திருந்தாள். இவர் கோட் போட்டு, தலைக்குச் சாயம் பூசி, நடுவரிசையில் இருந்தார். நான் வலப்பக்கம், மகள் இடப்பக்கம்.

முகாம் வந்தது. கூடாரம் வந்தது. கதாநாயகன் படத்தை நீட்டினான். திரை முழுக்க இவருடைய முகம். நிரை நிரையாய் விசில். யாரோ “அண்ணை!” என்று கத்தினார்கள். நான் மறுக்கமாட்டேன், அந்த முகம் நன்றாக இருந்தது. அத்தனை வருடக் குளிரும் பஸ்ஸும் அதில் இருந்தது. எனக்கே புதிதாகப் பார்ப்பது போல இருந்தது. இவருடைய வாய் திறந்தது.

“அவர் இங்க இல்ல பாருங்கோ தம்பி. போயிட்டார் பாருங்கோ.”

குரல் இவருடையதில்லை. கனத்த, கரகரத்த, வானொலி நாடகத்தில் ராஜாவுக்குப் பேசுகிற குரல். வாய் மூடிய பிறகும் ஒரு ‘பாருங்கோ’ வெளியே வந்தது.

விசில் நின்றுவிட்டது. பின்வரிசையில் ஒருத்தர், “இதார் கதைக்கிறது?” என்றார். சிலர் சிரித்தார்கள். மகள் என்னை எட்டிப் பார்த்து, “அம்மா, இது அப்பான்ர குரல் இல்லையே” என்றாள். பிறகு தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்பா, இஞ்ச ரீவியில எல்லாப் படத்துக்கும் இப்பிடித்தானே வேற ஆள் டொச்சில கதைக்கிறது. பெரிய நடிகர்மாருக்கே அப்பிடித்தான்” என்று சமாளித்தாள்.

திரையில் கதாநாயகன் அடுத்த முகாமுக்குப் போய்விட்டான்.

இடைவேளையில் ஆட்கள் வந்து கைகொடுத்தார்கள். “அண்ணை, கலக்கிப்போட்டியள்.” “குரல் என்ன கம்பீரம் அண்ணை!” என்று நிர்வாக சபைத் தலைவர் சொன்னார். கிண்டலா மெய்யா என்று அவருடைய முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இவர் எல்லாருக்கும் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணவில்லை.

தியேட்டருக்கு வெளியே, சைக்கிள்கள் கட்டுகிற இடத்தில் நின்றார். நான் ஒரு ரோல்ஸைக் கொண்டுபோய்க் கையில் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ர குரலில என்ன பிழை?” என்றார்.

“ஒரு பிழையும் இல்லை.”

“முப்பது வருசமா பஸ்ஸில, உள்ளுக்குத் தள்ளி நில்லுங்கோ எண்டு டொச்சில சொல்லுறன். விளங்கேல்லை எண்டு ஒரு வெள்ளைக்காரனும் சொன்னதில்லை. தமிழில கதைச்சது தமிழனுக்கு விளங்காதாமோ?”

இவர் ரோல்ஸைக் கடித்தார். மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

“அகதி வழக்கு விசாரிச்ச நேரமும் இதுதான். நான் எங்கட பாசையில சொல்லச் சொல்ல, மொழிபெயர்க்க வந்தவன் ஒரு இந்தியத் தமிழன், டொச்சில என்னவோ சொல்லிக்கொண்டு போனான். நான் ஒரு வசனம் சொன்னால் அவன் நாலு வசனம் சொன்னான். நான் நிப்பாட்டின பிறகும் அவன் கதைச்சவன்.”

இந்தக் கதையை இவர் எனக்கு முன்பு சொன்னதில்லை.

“பிறகு?”

“பிறகென்ன, விசா கிடைச்சது. நான் சொன்னதுக்குத் தந்தவங்களோ, அவன் சொன்னதுக்குத் தந்தவங்களோ, ஆருக்குத் தெரியும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். இவர் என்னை முறைத்தார். பிறகு இவருக்கும் வந்துவிட்டது. சைக்கிள்களுக்கு நடுவில் நின்று இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். சைக்கிள் எடுக்க வந்த ஒரு பிள்ளை, எல்லாம் சரிதானா என்று எங்களைக் கேட்டுவிட்டுப் போனாள். உள்ளே மணி அடித்தது. இவர் கையைத் துடைத்துக்கொண்டு, “வாரும், மிச்சத்தையும் பாப்பம். தம்பியைக் கண்டுபிடிக்கிறானோ தெரியாது” என்றார். கண்டுபிடிக்கவில்லை. தம்பி இரண்டாம் பாகத்தில் வருவானாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதியாகத் தொலைக்காட்சி பார்க்க முடிவதில்லை. அமெரிக்கப் படமோ பிரெஞ்சுப் படமோ, டொச்சில் பேசுகிற வாயையே இவர் உற்றுப் பார்ப்பார். “இது உவன்ர குரல் இல்லை. பாவம், உவனுக்குத் தெரியுமோ தெரியாது” என்பார். துப்பாக்கியோடு நிற்கும் கொலைகாரன் மேலும் இவருக்கு அந்த இரக்கம் உண்டு.

போன கிழமை உதவி இயக்குநர் கைத்தொலைபேசியில் குரல் பதிந்து அனுப்பியிருந்தார். இரண்டாம் பாகம் எழுதுகிறார்களாம். “சார், படம் பார்த்த எல்லாரும் உங்க முகத்தத்தான் கேக்குறாங்க. மறுபடி ஜெர்மனி வர்றோம். உங்களுக்கு இந்தத் தடவ ரெண்டு சீன். நீங்க ஃப்ரீயா சார்?”

இவர் பதில் பேசத் தயாரானார். சமையலறை மேசையில் தொலைபேசியை நேராக வைத்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி, யன்னலைச் சாத்தினார். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, நான் வாறன். ஆனால் என்ர குரல் எண்டால் மட்டும்தான் வாறன். வேற ஆளைக் கதைக்க வைக்கிறதெண்டால் வேற முகத்தையும் பாருங்கோ. விளங்குதோ? மற்றது, என்ர மனிசிக்கும் ஒரு இடம் வேணும். முன்னுக்கு, கமெராவுக்குத் தெரியக்கூடிய இடமா. அவ சின்னனில இருந்து படமெண்டால் உயிரை விடுறவ. என்னைவிட அவவுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.”

என் கை நின்றுவிட்டது. இவ்வளவு காலத்தில் இவர் என்னைப் பற்றி மூன்றாம் ஆளிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கையில் இருந்த கறிவேப்பிலையைப் பார்த்தேன். இவர் தொடர்ந்தார்.

“அவவுக்கு வசனம் ஒண்டும் தரத் தேவையில்லைத் தம்பி. சும்மா நிண்டால் காணும்.”

அனுப்பிவிட்டார். நான் எழும்பிப் போய்த் தொலைபேசியைப் பறிப்பதற்குள் அது சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

“ஏன், எனக்குக் கதைக்கத் தெரியாதோ?” என்றேன்.

“உமக்கேன் அந்தக் கரைச்சல்? பிறகு உம்மட குரலையும் மாத்திப்போட்டால்?” என்றார் இவர், உண்மையான கவலையோடு.